வழியில் வீணாகும் நிஃமத்

ஸஹனில் ஒரு பருக்கை சோறும் மிஞ்சக்கூடாதென்று பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கிறோம். கீழே விழுந்த கவளத்தையும் எடுத்துச் சுத்தம் செய்து உண்ணும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். ஆனால் ஸஹனுக்கு வந்து சேருமுன்பே வழியில் வீணாகிவிடும் உணவைப் பற்றி நாம் சிந்தித்ததுண்டா?

தக்காளி விலை சரியும் காலங்களில், ஒட்டன்சத்திரம் போன்ற சந்தைப் பகுதிகளில் விவசாயிகள் பழத்தைச் சாலையோரம் கொட்டிச் செல்வது பலமுறை நடந்திருக்கிறது. விலை ஏறியிருக்கும்போது எல்லோரும் தக்காளி நடுகிறார்கள். சில மாதங்களில் எல்லோர் தோட்டமும் ஒன்றாகப் பழுக்கிறது. நெல்லைப் போல் பத்தாயத்தில் போட்டு வைக்கும் பொருளா அது? பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் போக, கைப்பணமும் சேர்த்துக் கொடுக்கும் நிலை வந்துவிடுகிறது.

அப்படிக் கொட்டியவர் வீண்விரயம் செய்த பாவியா?

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 141-வது வசனத்தில், அறுவடை நாளில் அதற்குரிய ஹக்கைக் கொடுக்கும்படியும், வீண்விரயம் செய்யாதிருக்கும்படியும் அல்லாஹுத்தஆலா சேர்த்தே கட்டளையிடுகிறான். ஆகவே இஸ்ராஃப் என்பது ஸஹனுக்கு மட்டும் உரிய சட்டமன்று, வயலுக்கும் உரியது. எனினும் எந்த ஆத்மாவையும் அதன் சக்திக்கு மேல் அவன் சிரமப்படுத்துவதில்லை. வழியிருந்தும் எறிபவனும், வழியின்றிக் கண்ணீரோடு கொட்டுபவனும் ஒன்றாக மாட்டார்கள். அவருக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. ஒரு முஸ்லிம் விளைவித்ததில் மனிதனோ, பறவையோ, கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்பது நபிமொழி. சாலையில் கொட்டுவதைவிட, வேண்டியவர் பறித்துக்கொள்ளத் தோட்டத்தைத் திறந்துவிடுவது மேல்.

பழியை அவர்மீது போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. 2022-ஆம் ஆண்டில் கடைகளிலும், உணவகங்களிலும், வீடுகளிலும் உலகம் வீணாக்கிய உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அதில் சுமார் 60 சதவிகிதம் வீடுகளில் வீணானது! ஒவ்வொரு பழத்தையும் நசுக்கிப் பார்த்து, கோணலானதை ஒதுக்கி வைப்பது யார்? இருநூறு பேர் வரும் வலீமாவுக்கு முந்நூறு பேருக்கு பிரியாணி ஆக்குவது யார்?

"நம் காசு, நம் இஷ்டம்" என்று சிலர் சொல்லக்கூடும். காசு கொடுத்ததால் கடைக்காரரின் கணக்குத் தீர்ந்தது. நிஃமத்தைக் கொடுத்தவனின் கணக்குத் தீரவில்லை. அருட்கொடைகளைப் பற்றி அந்நாளில் விசாரிக்கப்படுவோம் என்று தகாஸுர் அத்தியாயம் எச்சரிக்கிறதே!

"நம் வீட்டில் மிச்சம் பிடித்தால் விவசாயிக்கு விலை கிடைத்துவிடுமா?" என்றும் கேட்கலாம். கிடைக்காது, உண்மைதான். ஆகவேதான் மிச்சம் பிடிப்பதோடு நம் கடமை முடிவதில்லை. விலை சரிந்த நாளில் பேரம் பேசாமல் இரண்டு கிலோ கூடுதலாக வாங்கி வற்றலோ தொக்கோ போட்டு வைப்போம். கோணல் பழத்தையும் கூடையில் போடுவோம். மஹல்லா ஜமாஅத்தார் விவசாயியிடமே நேரில் வாங்கி ஏழை வீடுகளுக்குப் பங்கிடலாம். விளைவித்தவருக்கும் கூலி, பசித்தவருக்கும் உணவு.

சுப்ராவில் சிந்திய பருக்கையை எடுக்கும் அதே பேணுதலைச் சந்தையிலும் நமக்குத் தர வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.