காற்றுத் துப்பாக்கியும் பெற்றோர் பொறுப்பும்

குழந்தையொன்று காற்றுத் துப்பாக்கியால் சுட, அயல்வீட்டுச் சிறுவன் கண்ணிழப்பானாயின் குற்றம் எவருடையது? "விளையாட்டுப் பொருள்தானே!" என்பர் பெற்றோர். அழுத்திய காற்றால் உந்தப்படும் ஈயக்குண்டு நொடிக்கு 100 மீட்டருக்கு மேலும் விரையும். கண்ணைத் துளைக்க அதில் பாதி வேகமே போதும். குழல் 4.5 மில்லிமீட்டரும் ஆற்றல் 20 ஜூலும் மிகாதவற்றுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமம் கேட்பதில்லை. உரிமம் வேண்டாமை தீங்கின்மை ஆகுமா? ஆகாது. சுட்ட குழந்தைக்குத் தீய எண்ணமில்லை, விளைவறியும் முதிர்ச்சியுமில்லை. ஆலையில் பற்சக்கரத்தை மூடாது விட்டவன், "கை வைத்தவன் தவறு" என்று தப்பலாகுமோ? அறியாக் கையில் கருவி கொடுத்தவரும் அத்தகையரே. எண்ணம் தூயதாயினும் விழிப்பின்மை குற்றமே. அன்பர்களே, சிறார்க்கு அதனை வாங்கித் தராதீர்கள். வீட்டில் உளதாயின் குண்டு நீக்கிப் பூட்டி வையுங்கள். அயலான் மகனுக்கும் கண் இரண்டே.