மனச்சோர்வும் பிறர்க்குதவியும்



கைமுதல் கரைந்தால் பேரேடு காட்டிவிடும். மனம் கரைவதை எந்தப் பேரேடும் காட்டாது. கல்லாவில் அமர்ந்தும் எதிலும் நாட்டமின்றி, ஊண் உறக்கம் குன்றி, நாட்களைத் தள்ளுவோர் நம்மிடையே உண்டு. பேராக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தபின் பழைய வாடிக்கை கலைந்தது. பிள்ளைகளும் வெளியூர் சென்றனர். இத்தகையோரிடம், "பிறருக்கு உதவுங்கள், துயர் தீரும்" என்றால், "என் சுமையே தாங்காத நான் பிறர் சுமையை எவ்வாறு தாங்குவேன்?" என்பர். நியாயமான கேள்விதான்.

கி.பி. 610-ல் ஹிரா குகையில் முதல் வஹீ இறங்கியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு இல்லம் திரும்பினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் தேற்றியது எவ்வாறு? செல்வத்தையோ குலப்பெருமையையோ சொல்லி அல்ல. உறவினரை ஆதரிப்பது, எளியோர் சுமையைத் தாங்குவது, விருந்தினரை உபசரிப்பது ஆகிய நாயகத்தின் நற்செயல்களை நினைவூட்டி, இத்தகையவரை அல்லாஹ் கைவிடான் என்றார்கள். உள்ளம் இறுகியதாக முறையிட்ட ஒருவருக்கு நாயகம் அவர்கள் கூறிய மருந்தும், அநாதையின் தலையை வருடுவதும் ஏழைக்கு உணவளிப்பதுமேயாகும்.

காரணம் யாது? துயரம் மனிதனிடம், "உன்னால் எவருக்கும் பயனில்லை" என்று ஓயாது ஓதுகிறது. நம் கையால் ஒருவர் பசியாறினால் அச்சொல் பொய்யாகிவிடுகிறது. 2021-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, பசித்த வீடுகள் வெள்ளைக்கொடி கட்டின. தம் வியாபாரமே முடங்கிக் கிடக்க, அரிசியும் எண்ணெயும் சுமந்து சென்றவர்களின் முகத்தெளிவை நாம் கண்டோமன்றோ?

தன் மனம் தேற உதவுவது சுயநலமாகாதா என்று சிலர் கேட்கலாம். நிய்யத்தே இதற்கு அளவுகோல். மனம் தேறாத நாளிலும் உதவி தொடருமாயின் அது ஸதகா. நன்றிச் சொல்லை எதிர்பார்த்து நிற்குமாயின் அது கொடுக்கல் வாங்கல். வாங்குபவர் நாணும்படி கொடுத்தால் இருவர் மனமும் புண்படும்.

ஆயினும், கடும் மனச்சோர்வு ஒரு நோய். மருத்துவம் செய்துகொள்வது நபிவழியே. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ல் ஏற்பட்ட மருத்துவமனையின் இன்றைய பெயரில் உள்ள 'பஹாகியா' என்பதற்கு மகிழ்ச்சி என்று பொருள். நாமோ அவ்வூர்ப் பெயரையே ஏளனச் சொல்லாக்கிவிட்டோம்! அவ்வேளனத்துக்கு அஞ்சி நோயை மறைப்போர் எத்தனை பேரோ! தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவும் 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. சட்டமே இரங்கியபின் நாம் இரங்காதிருக்கலாமா?

ஆதலால் சோர்ந்த சகோதரருக்கு உபதேசம் வேண்டாம். அவரிடம் உதவி கேளுங்கள். "நோன்புக் கஞ்சி ஊற்ற ஆள் குறைகிறது, நீங்கள் சற்று வாருங்கள்" என்று அழையுங்கள். பெருஞ்சுமை தூக்க இயலாதவருக்கும் ஓர் அகப்பை கனமாயிராது. அவர் வராவிட்டால் மறுநாளும் அவர் கடைவாசலுக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் போகவேண்டியிருப்பின் துணைக்குப் போங்கள்.

அல்லாஹ் நம் உள்ளங்களை விசாலமாக்குவானாக, ஆமீன்.