கயிற்றூர்தியும் மலைவழிபாடும்

மலைமேல் எழுந்தருளியிருக்கும் இறைவனை வழிபடச் செல்வோர் தங் காலால் நடந்தே ஏறுதல் வேண்டுமோ, ஊர்தியில் அமர்ந்து ஏறினும் அமையுமோ என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்குச் சிறியதொன்றாகவே தோன்றும். யானும் பல்லாண்டு அதனைச் சிறியதென்றே கருதி, ஐயமின்றி விடை கூறி வந்தேன். மெய் வருந்தாதவழிப் பயன் இல்லை என்பதே அவ்விடை. அதனை அவைகளிற் கூறினேன், மாணாக்கர்க்குக் கூறினேன், கூறத்தகாத ஓரிடத்தும் கூறினேன். அவ்விடையை மீள ஆராய்தற்கு ஏதுவாயது, சென்ற ஆண்டு ஹாங்காங்கில் வாழும் மாணாக்கர் ஒருவர் அழைக்க ஆண்டுச் சென்று, மலைமேலுள்ள பௌத்தப் பள்ளியொன்றிற்குக் கயிற்றூர்தியில் ஏறிய செலவேயாம்.

ஹாங்காங்கைச் சார்ந்த தீவுகளுட் பெரியது லாந்தாவ். அதன் மலைகளிடையே நொங் பிங் என்னும் மேட்டுநிலம், கடல்மட்டத்திற்கு 400 மீட்டருக்கு மேல் உளது. சீனத்துக் கியாங்சு மாகாணத்தினின்று போந்த துறவியர் மூவர், 1906ஆம் ஆண்டில் அங்கே ஒரு தவப்பள்ளி கண்டனர். முதலிற் பெருங்கூரைக்குடில் எனப் பொருள்படும் பெயரால் வழங்கிய அப்பள்ளி, 1924இல் போ லின் என்னும் பெயர் பெற்றது. மணித்தாமரை என்பது அதன் பொருள். பள்ளிக்கு எதிரே குன்றின்மேல், அடித்தளத்தோடு 34 மீட்டர் உயரமும் 250 டன்னுக்கு மேற்பட்ட நிறையும் உடைய வெண்கலப் புத்தர் திருவுருவம், 1993ஆம் ஆண்டு டிசம்பரில் நிலைபெறுத்தப்பட்டது. அதன் திருமுன்பு சேர 268 படிகள் உள. அடிவாரத்துத் துங் சுங் நகரினின்று நொங் பிங்கிற்குச் செல்லும் கயிற்றூர்தி 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. வழியின் நீளம் 5.7 கிலோமீட்டர், செல்லுங் காலம் ஏறக்குறைய 25 நிமிடம். பழனியில் நம்மவர் ரோப் கார் என வழங்குவதும் இவ்வினத்ததே. ஆயினும் இது கடற்கழியைக் கடந்து, மலைமுகடுகளைத் தாண்டி, நெடுந்தொலை செல்வது.

கூண்டில் அமர்ந்தவுடன் கீழே கடல் விரிந்தது. ஒருபால், கடலைத் தூர்த்து அமைத்த நிலத்தில் விமானங்கள் இறங்குவதும் எழுவதுமாயிருந்தன. பின்னர்க் கூண்டு மலைச்சரிவின்மேற் சென்றது. உடன் வந்தோர் அனைவரும் கைக்கருவிகளாற் படம் எடுத்துக் கொண்டேயிருந்தனர். யான் கீழே நோக்கினேன். ஊர்தியைப் பழுதுபார்ப்போரும் இடர்க்காலத்து மீட்போரும் செல்லுதற்கென வகுத்த படிவழியொன்று மரங்களிடையே தோன்றியும் மறைந்தும் எம்மோடு வந்தது. அதன்வழியே சிலர் முதுகிற் சுமையோடு வியர்த்து ஏறிக் கொண்டிருந்தனர். அவர் நிமிர்ந்து எம்மை நோக்கினர். யாம் குனிந்து அவரை நோக்கினோம். இருதிறத்தாருள் வழிபடச் செல்வார் யாவர் என்று எனக்கு விளங்கவில்லை. என் பழைய விடை அவ்விடத்தே சிறிது அசைந்தது.

அக்கயிற்றின் இயல்பைப்பற்றி மாணாக்கர் கூறியதொன்றை ஈண்டுக் குறிக்கின்றேன். இவ்வூர்தியில் இருவகைக் கம்பிவடங்கள் உண்டாம்: அசையாதிருந்து கூண்டைத் தாங்குவது ஒன்று, இடையறாது இயங்கிக் கூண்டை இழுத்துச் செல்வது மற்றொன்று. அசைவற்ற சிவத்தையும் அதனிற் பிரிவின்றி நின்று உயிர்களைச் செலுத்தும் சத்தியையும் யான் உடனே நினைந்தேன். நன்று, எனினும் வடம் இரண்டும் வெவ்வேறு பொருள், சிவமும் சத்தியும் அங்ஙனம் வேறல்ல. ஆகலின் உவமையை அவ்வளவில் நிறுத்துக. உவமையை இழுத்துச் செல்வார் பலர் அதனின்றும் வீழ்ந்திருக்கின்றனர்.

வீழ்தல் என்றவுடன் மற்றொன்று நினைவிற்கு வருகின்றது. 2007ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், மக்கள் ஏறும் நேரங் கழிந்தபின் நடந்த ஆய்வின்போது ஆளில்லாத கூண்டொன்று கழன்று வீழ, அவ்வாண்டு டிசம்பர் 31 வரை ஊர்தி நிறுத்தப்பட்டிருந்தது. கூண்டு நடுவானில் தொங்கும்போதுதான் மாணாக்கர் இதனை எனக்குச் சொன்னார்! அப்பொழுது, எல்லாப் பொருளும் கணந்தோறும் தோன்றி அழிவன என்னும் பௌத்தர் கொள்கை என் நெஞ்சிற் புகுந்தது. முற்கணத்து வடம் வேறு, இக்கணத்து வடம் வேறு என்னில், யான் எதனிற் தொங்குகின்றேன்? அடிவாரத்திற் சீட்டு வாங்கியவன் ஒருவன், மலைமேல் இறங்குவான் மற்றொருவன் என்னில், சென்ற பயன் யாரைச் சாரும்? முன்னதன் பதிவைப் பின்னது பெற்றுச் சந்தானமாய்த் தொடரும் என்பது அவர் விடை. அப்பதிவைப் பெறுதற்கு நிலையான பற்றுக்கோடு ஒன்று வேண்டும் என்பது நம் ஆசிரியர் மறுப்பு. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் இவ்வழக்கு விரியக் கிடத்தலின் யான் ஈண்டு விரித்திலேன். ஆயின் அது வெறுஞ் சொற்போர் அன்று, ஒருவன் தன் பழவினையை நோக்குங்கால் அவன் நெஞ்சைச் சுடுவது என்பதனைப் பின்னர்க் காட்டுவேன்.

இனி வினாவிற்கு வருவோம். மெய்வருத்தமே புண்ணியம் என்பார்க்கு யாம் கூறுவது இது. வருத்தம் என்பது நுகர்ச்சி. நுகர்ச்சி யாவும் முன் செய்த வினையின் பயனாகிய பிராரத்தம். முழங்கால் நோவு நுகரப்படும் பழவினையேயன்றி, ஈட்டப்படும் புதுவினை ஆகாது. அதனை நுகருங்கால் உயிரிடத்து எழும் நினைவும் சொல்லும் செயலுமே ஆகாமியமாய் ஏறும். வருத்தமே புண்ணியமாயின், டோலியிற் கிழவரைச் சுமந்து மலையேறும் கூலியாளர் நாள்தோறும் வீட்டுநெறியில் நமக்கு முன்னே சென்றிருத்தல் வேண்டும். அவரோ அன்றைக் கூலியை எண்ணி ஏறுகின்றனர். ஒருகால் அவருள் யாரேனும் முன்னே சென்றிருப்பாராயின், அது சுமையாலன்று.

அடியார் வரலாறும் இதற்கே சான்றாகும். ஆளுடைய பிள்ளையார் சிற்றடி வருந்த நடந்தபோது, திருவரத்துறைப் பெருமான் முத்துச்சிவிகை அருளினார். நடந்தே வருக என்றிலர். நம்பியாரூரர் திருவஞ்சைக்களத்தினின்று கயிலைக்கு வெள்ளானைமீது சென்றார். சேரமான் பெருமாள் குதிரைமீது உடன் சென்றார். இவர்க்குப் பயன் குறைந்ததென்பார் யார்? காலால் ஏறுவதே முறை என்று வாதிப்பார், காரைக்காலம்மையார் அம்மலையைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் தலையால் நடந்தமையையும் நினைப்பாராக. பௌத்த வேடத்தை நீக்காமலே இலிங்கத்தின்மேற் கல்லெறிந்து வீடுபெற்ற சாக்கிய நாயனார், புறச்செயலை அளவுகோலாகக் கொள்வார்க்கு எஞ்ஞான்றும் விளங்காதவராகவே நிற்பர்.

அற்றேல், ஊர்திச் செலவும் நடைச்செலவும் ஒன்றே என்று முடிப்பாமோ எனின், அதுவும் ஆகாது. அப்பரடிகள் கயிலை காணப் புறப்பட்டு, கால் தேய்ந்து, கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, புரண்டும் சென்றனர். அவ்வளவு முயன்றும் அவர் மலையை அடைந்திலர். இறைவன் பணித்தவாறு பொய்கையில் மூழ்கி, திருவையாற்றில் எழுந்து, அங்கே கயிலைக் காட்சியைக் கண்டனர். முயற்சி பயனற்றதென்று இதனாற் கொள்ளற்க. முயற்சியை விலையாகக் கொடுத்து அருளைப் பெற்றார் என்றும் கொள்ளற்க. செய்வேன் யான் என்னும் முனைப்பு, செய்து செய்து, செய்ய இயலாத எல்லையிற் சென்று ஓய்ந்தது. ஓய்ந்தவிடத்து அருள் நின்றது. கூண்டில் அமர்ந்திருப்பானும் ஒன்றுஞ் செய்யாது இருக்கின்றான். ஆயின் அவன் ஓய்ந்தவன் அல்லன், தொடங்காதவன். சோம்பலும் சரண்புகுதலும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோல் இருத்தலே இவ்விடத்து மயக்கத்திற்குக் காரணம்.

25 நிமிடமும் காட்சி இன்பத்திலே கழிகின்றது. இறங்கியவுடன் கடைத்தெரு வரவேற்கின்றது. அதனைக் கடந்தே பள்ளிக்குச் செல்லவேண்டும். மனம் புறத்தே இழுக்கப்படுவதற்கு இதனினும் ஏற்ற வழி காண்டல் அரிது. நடப்பானுக்கோ, மூச்சு வாங்கும்போது பேச்சு நிற்கும். பேச்சு நின்றால் நினைவு சிறிது உள்ளே திரும்பும். நடைக்குள்ள சிறப்பு இவ்வளவே, இஃது சிறிதன்று. ஆயின் நடப்பானைப் பற்றும் மலம் ஒன்று உளது. அவன் படிகளை எண்ணுவான். எண்ணியதைப் பிறர்க்குச் சொல்வான். ஊர்தியில் வந்தாரை இகழ்வான். யான் இகழ்ந்திருக்கின்றேன்.

மேலே, கூறத்தகாத ஓரிடம் என்றேனே, அதனைக் கூறி விடுகின்றேன். 1997ஆம் ஆண்டு தைத்திங்களில் என் அன்னையாரைப் பழனிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். அவர்க்கு அப்பொழுது முழங்கால் மடங்காது. மலைக்கு இழுவை வண்டி 1966ஆம் ஆண்டு முதலே இருந்தது. "விஞ்சிலே ஏறிப் போயிடலாமா, ஐயா?" என்று கேட்டார். யான் சரியையின் இலக்கணத்தை அவர்க்கு விரித்துரைத்தேன்! ஏற இயலாதார் அடிவாரத்தே திருவாவினன்குடியில் வணங்கி நிற்றலே நெறி, பொறியில் ஏறிச் சென்று காண்டல் வேடிக்கை என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. ஆவினன்குடியில் வணங்கிவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார். யான் படியேறிச் சென்று வழிபட்டு, திருநீறு கொணர்ந்து கொடுத்தேன். ஈராண்டில் அவர் காலமானார்.

நிகழ்ந்ததனை மேற்கூறிய நியாயத்தால் அளந்தால் அன்னையார் இழந்தது ஒன்றுமில்லை. திருநின்றவூர்ப் பூசலார் மனத்தாற் கட்டிய கோயிலில் எழுந்தருளிய பெருமான், திண்ணையில் இருந்த கிழவியின் நெஞ்சில் எழுந்தருளாதொழிவனோ? ஆகலின் ஆறுதல் அடைக எனச் சிலர் எனக்குக் கூறினர். யான் அவ்வாறுதலை ஏற்றிலேன். அருள் அவரைக் கைவிடாதது அருளின் இயல்பு. யான் தடுத்தது என் வினை. முன்னதைக் காட்டிப் பின்னதைக் கழிக்க ஒண்ணாது. செய்தவனுக்கு இன்பமாய் முடியும் வாதத்தை இருமுறை சோதித்தல் நன்று. அன்று தடுத்தவன் ஒருவன், இன்று வருந்துகின்றவன் வேறொருவன் என்று கணபங்கவாதிகள் கூறுவரேல், அவ்வுரை எனக்கு எத்துணை இனிதாயிருக்கும்! ஆயினும் தடுத்த நாக்கும் என்னது, சுடும் நெஞ்சும் என்னது என்பதனை நள்ளிரவில் விழித்திருப்பார்க்கு நூல்கொண்டு நிறுவவேண்டியதில்லை.

நொங் பிங்கில் 268 படிகளின் அடியில் வந்து நின்றபோது என் முழங்கால்களும் மடங்கவில்லை. வாகனம் செல்லும் சுற்றுவழி ஒன்றும் உண்டென மாணாக்கர் கூறினார். யான் வேண்டாமென்று கீழே அமர்ந்தேன். "ஐயா, நான் மட்டும் போய் வரலாமா?" என்றார். போய் வருக என்றேன். அவர் படியேறி மறைந்தபின், திண்ணையில் அமர்ந்திருப்பது எத்தகையது என்பதனை 60 கடந்து அறிந்துகொண்டேன். பின்னர்ப் பள்ளியின் உண்சாலையில் ஊனில்லாத உணவு கிடைத்தது. நாம் சைவம் என்று பெயரிட்டு வழங்கும் உணவைக் கடல்கடந்த நாட்டிற் பௌத்தரிடமே பெற்றுண்டேன், அதற்கு நன்றியுடையேன்.

பள்ளியினின்று சிறிது தொலைவில், 38 நெடிய மரத்தூண்கள் எட்டு என்னும் எண்வடிவில் நிரலே நிற்கின்றன. சீனப் பேரறிஞர் ஜாவ் சுங்-யி எழுதிய எழுத்தில், பிரஞ்ஞாபாரமிதை இருதய சூத்திரம் அவற்றிற் செதுக்கப்பட்டுள்ளது. 2005ஆம் ஆண்டு அப்பணி முற்றுப்பெற்றது. மிக உயர்ந்த இடத்தில் நிற்கும் தூணில் மட்டும் எழுத்தில்லை. சூனியத்தைக் குறிக்கவே அதனை வெறிதாக விட்டனராம். பரபக்கத்தில் மாத்தியமிகர் மதம் எனப் படித்ததனை மரமாக நிற்கக் கண்டேன். அதன்முன் நெடுநேரம் நின்றேன். தில்லையில் திரைநீக்கிக் காட்டும் இடமும் வெளியே. ஆயினும் ஆண்டுப் பொன்வில்வமாலை தொங்குகின்றது. உருவில்லையெனினும் உள்பொருள் ஒன்று ஆண்டு உண்டு என்பது அம்மாலையின் குறிப்பு. மாலையில்லாத வெளிக்கும் மாலையுடைய வெளிக்கும் உள்ள வேற்றுமையே அவர் கொள்கைக்கும் நம் கொள்கைக்கும் உள்ள வேற்றுமை என்று மாணாக்கர்க்குச் சொன்னேன். வெறுந்தூணைச் செதுக்காது விட்ட கைக்கு அடக்கம் இருந்தது என்பதனையும் சொன்னேன்.

மீண்டு வந்தபின், அன்னையார் அன்று மஞ்சள் துணியில் முடிந்து கொணர்ந்து, என்னிடமும் கொடாமல், மீளவும் வீட்டிற்குக் கொண்டுவந்த காணிக்கையைப் பேழையினின்றும் எடுத்தேன். இவ்வாண்டுத் தைத்திங்களில் அதனோடு பழனிக்குச் சென்று, 2004ஆம் ஆண்டு முதல் அங்கு இயங்கும் கயிற்றூர்தியில் ஏறினேன். என்னருகே ஒரு கிழவியார் கண்களை மூடிக்கொண்டு அமர்ந்திருந்தார். அச்சத்தாலோ அன்பாலோ அறியேன். மேலே சென்றதும் முடிச்சை அவிழ்க்காமலே உண்டியில் இட்டேன்.