ஊஞ்சல் பலகை

இதை எழுதிக்கொண்டிருக்கும் மேஜை முன்பு ஊஞ்சலாக இருந்தது. ஐந்தரை அடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அங்குல கனம். ஒற்றைத் தேக்குப் பலகை. நான்கு மூலைகளிலும் சங்கிலி கோத்த துவாரங்கள். ஒரு ஓரத்தில், யாரோ வருஷக்கணக்காகத் தலைவைத்துப் படுத்ததில் கறுத்துப்போன எண்ணெய்க் கறை. எட்டு வருஷங்களுக்கு முன், கும்பகோணத்தில் இடிபடவிருந்த ஒரு வீட்டில் வாங்கினேன். வீட்டில் மிஞ்சியிருந்தவர் ஒரு வயதான மாமி மட்டும். நாலாயிரம் சொன்னார். மூவாயிரத்துக்குக் கேட்டேன். கொஞ்சநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆத்துல மாட்டி ஆடறதுக்குத்தானே கேக்கறேள்?" என்றார். "ஆமாம் மாமி" என்றேன். மூவாயிரத்துக்கு முடிந்தது. மேஜைக்கான அளவுகளைக் குறித்த காகிதம் என் சட்டைப்பையில் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த 'ஆமாம்' பற்றியது. ஆனால் அதை நேரடியாகத் தொடாமலிருக்க இத்தனை வருஷமும் எனக்குத் தத்துவம் உதவி வந்திருக்கிறது. அந்த உதவியின் லட்சணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும்.

தீஸியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் நெடுங்காலம் பாதுகாத்து வந்தார்கள் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். இற்றுப்போன பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்துக்கொண்டே போனார்கள். இது பழைய கப்பல்தானா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். 1655ல் தாமஸ் ஹாப்ஸ் ஒரு படி மேலே போனார். கழித்த பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து, அதே வரிசையில் மறுபடியும் ஒரு கப்பலைக் கட்டிவிட்டால் எது அசல்? பழைய மரக்கடைக்காரன் தத்துவத்துக்குள் நுழைந்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆனால் ஹாப்ஸின் மரக்கடைக்காரனும் கப்பலைத்தான் கட்டுகிறான். அந்தப் பலகைகளில் ஒருவன் மேஜை செய்துகொண்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'எது அசல்' என்ற கேள்வியே விழுந்துபோயிருக்கும். மேஜை தன்னைக் கப்பல் என்று சொல்லிக்கொள்வதில்லை. பலகைக்கு ஊஞ்சலாகவே இருந்தாக வேண்டும் என்ற ஆசை கிடையாது. ஆகவே என் குற்றம் மரத்துக்கு இழைத்ததல்ல. இந்த முடிவில் எட்டு வருஷம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன்.

இன்னொரு சௌகரியமும் உண்டு, ரசிகனுடையது. நான் வாங்காவிட்டால் இது விறகாகியிருக்கும், காப்பாற்றினேன் என்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிற்கும் பர்மா தேக்குத் தூண்களையும் நிலைகளையும் பார்த்தவர்களுக்கு இந்தக் காப்பாற்றலின் மறுபக்கம் தெரியும். 1942ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும், 1948க்குப் பின் அங்கே நிலங்கள் தேசியமயமானதும் செட்டிநாட்டின் பணத்தை வற்றவைத்தன. பத்துப் பதினைந்து பங்காளிகளுக்குப் பொதுவாகிவிட்ட வீடுகள் பகுதி பகுதியாகப் பிரிந்து தெருவுக்கு வந்தன. அங்கிருந்து ஒரு கதவு நட்சத்திர ஹோட்டலின் சுவரில் போய்ச் சாய்ந்துகொள்கிறது. அது எதையும் திறப்பதில்லை, மூடுவதுமில்லை. அழகாக இருக்கிறது. ஒரு குடும்பத்தின் வீழ்ச்சி அங்கே அலங்காரம், அவ்வளவுதான்.

பழைய பொருளை வேறாக்குவதே பிழை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இலக்கியத்தில் பாதியைக் கொளுத்த வேண்டிவரும். புதுமைப்பித்தன் 'சாபவிமோசன'த்தில் அகலிகையை மறுபடி கல்லாக்குகிறார். கதை நிற்பது பழைய ராமாயணம் நம் மனத்தில் அழியாமல் இருப்பதால்தான். பழைய துவாரங்களை அவர் அடைக்கவில்லை, அவற்றின் வழியாகவே தம் ஆணியை இறக்குகிறார். பிகாஸோ 1942ல் ஒரு சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத் தலை செய்தார். என்றாவது அதைக் குப்பையில் கண்டெடுக்கும் ஒருவன் திரும்பவும் அதைச் சைக்கிளுக்கு உபயோகித்துக்கொண்டால் உருமாற்றம் இருமுறை நடந்ததாகும் என்று பிற்பாடு அவர் சொன்னதுண்டு. வேடிக்கைப் பேச்சு மாதிரி இருந்தாலும், அதில் ஒரு நேர்மை இருக்கிறது. தன் சிருஷ்டியே அந்தப் பொருளின் கடைசி நிலை என்று அவர் நினைத்துக்கொள்ளவில்லை.

நான் நினைத்துக்கொண்டேன். 'ஆமாம்' சொன்னதன் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்காகப் பொய் சொன்னேன் என்றால் விஷயம் சுலபம், திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் மாமி அதே விலைக்குக் கொடுத்திருக்கலாம். மேஜை என்றால் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருப்பார் என்பது அவர் வசம் இருந்த கடைசிச் சொத்து. பலகைக்காவது விலை கொடுத்தேன், அதை விலையின்றியே எடுத்துக்கொண்டேன். உட்கார்ந்து ஆடுவதைவிட உட்கார்ந்து எழுதுவது மேலானது, அதைப் போய் இந்த அம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருப்பானேன் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. எழுதுகிறவர்களிடம் இது சகஜமாகக் காணும் வியாதி. பிறர் வாழ்க்கை நமக்குக் கச்சாப் பொருள். கேட்டு வாங்குவதில்லை. கேட்டாலும் எதற்கென்று சொல்வதில்லை.

பலகையை ஆசாரியிடம் கொண்டுபோனபோது, துவாரங்களை அடைத்து, கறை போக இழைத்து, இரண்டு பக்கமும் அரையடி அறுத்துவிடச் சொன்னேன். கறை போக இழைத்தால் கனம் போய்விடும் என்றார். துவாரங்களில் விரலை விட்டுப் பார்த்தார். "அறுக்க வேணாம் சார். நாளைக்கு யாராச்சும் திரும்ப மாட்டணும்னா?" என்று கேட்டார். மாமியின் கேள்வி அவருக்குத் தெரியாது. அந்த நான்கு துவாரங்கள் வழியாகவே போல்ட்டை இறக்கி, கீழே கால் சட்டத்தோடு முடுக்கிக் கொடுத்தார். புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. அரைமணி நேரத்தில் கழற்றிவிடலாம். நான் மீறிய வார்த்தையை அவர் காப்பாற்றினார் என்று சொல்ல முடியாது. யாராவது காப்பாற்ற இடம் விட்டுவைத்தார்.

மறு வருஷம் கும்பகோணம் போனபோது அந்த இடத்தில் வீடு இல்லை. மாமி எங்கே போனார் என்று பக்கத்து வீட்டில் விசாரிக்கலாம் என்று நினைத்தேன். விசாரிக்கவில்லை. விசாரித்துப் பார்த்தால் "ஊஞ்சல் ஆடறதா?" என்று கேட்பார்.

நான் இருப்பது வாடகை வீடு. கூரையில் கொக்கி போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன், கேட்டதில்லை. சங்கிலிகள் பரணில் ஒரு சாக்கில் கிடக்கின்றன. வருஷத்துக்கு ஒருமுறை இறக்கி, எண்ணெய் தடவி, திரும்பக் கட்டி வைக்கிறேன். பிராயச்சித்தம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரும்பு, துருப்பிடித்துவிடும்.