ஒக்டோபர் 30

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியில் தலைமுழுகி, ஐயாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் காத்தோட்டிக்காய்க் கறி. செத்தவர்களை நாங்கள் திதியில் வைத்திருக்கிறோம். திதி நிலவோடு நகரும். ஒரு திகதி மட்டும் நகராமல் எனக்குள் கிடக்கிறது.

1990 ஜூனில் கீரிமலையை விட்டு ஓடிவந்த எங்களுக்கு முதல் படங்கு தந்தவர், யாழ்ப்பாணம் சோனகதெருவில் இரும்புக்கடை வைத்திருந்த ஐயாவின் சிநேகிதர். அந்த ஒக்டோபர் 30 செவ்வாய்க்கிழமை, ஒலிபெருக்கி அந்தத் தெருச் சனத்தை மைதானத்துக்குக் கூப்பிட்டது. இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள் விடுதலைப் புலிகள். நகையையும் காசையும் பறித்தே அனுப்பினார்கள். வடக்கு முழுவதிலும் அப்படிக் கலைக்கப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக்கொட்டிலுக்குள் ஒதுங்கினார்கள். நாங்கள் வாய் திறக்கவில்லை. ஐயாவும்தான்.

1995, அதே ஒக்டோபர் 30. இராணுவம் நெருங்க, வலிகாமத்துச் சனத்தைத் தென்மராட்சிக்குப் போகச் சொல்லி மறுபடியும் ஒலிபெருக்கி. செம்மணி வெளியில் மழை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி லட்சக்கணக்கானோர் அடியடியாக நகர்ந்தோம். குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைத்தண்ணி ஏந்திக் குடித்தோம். சைக்கிளைப் பிடித்தபடி ஐயா கேட்டார்: “தம்பி, இண்டைக்கு என்ன திகதி?”

சொன்னேன்.

“அவையளையும் இண்டைக்குத்தானே கலைச்சது.”

பிறகு கைதடி மட்டும் அவர் பேசவில்லை.

செய்த பாவத்தின் பலன் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அது ஏற்காது. அந்த நெரிசலில் தாயின் தோளில் கிடந்த கைக்குழந்தை எந்தப் பாவத்தைச் செய்தது? இரண்டு நாளும் ஒன்றாய் அமைந்தது தற்செயல்தான். ஆனால் ஐந்து வருசமாக ஐயா வாய்க்குள் வைத்திருந்ததை வெளியே கொண்டுவந்தது அந்தத் தற்செயல்.

எங்களுடைய ஆட்கள் அந்த நாளில் 1995ஐ நினைக்கிறார்கள், புத்தளத்தில் 1990ஐ. ஒரே கலண்டர் தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கேணிக்கரையில் சொந்தக்காரர் பேர் எல்லாம் சொல்லி முடிந்ததும், ஆருமில்லாதவர்களுக்கும் ஒரு கை தண்ணீர் விடச் சொல்வார் ஐயர். ஐயாவின் சிநேகிதருக்கு என் எள்ளுத்தண்ணி வேண்டாம். அவருக்குச் சமயம் வேறு, பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவருக்கு நான் கடன்பட்டது ஒரு படங்கும், திறக்காத ஒரு வாயும்.

போன வருசம் மகன் இடப்பெயர்வைப் பற்றிக் கேட்டான். 1990இலிருந்து தொடங்கினேன்.