எழுதாமல் விட்ட பங்கு

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து சில நாட்களில் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். என்னிடம் படித்த பையன் ஒருவனின் வாப்பா. வவுனியாப் பக்கம் ஒரு நெல் ஆலையில் பத்தொன்பது வருடங்கள் மூட்டை சுமந்தவர். தோள் விட்டுப்போனதால் வேலையை நிறுத்திவிட்டார். ஊழியர் சேமலாப நிதி கிடைக்கும் என்று யாரோ சொல்ல, தொழில் திணைக்களத்துக்குப் போயிருக்கிறார். அங்கத்துவ இலக்கம் கேட்டிருக்கிறார்கள். இல்லை. சம்பளத் துண்டு கேட்டிருக்கிறார்கள். அதுவும் இல்லை.

“சேர், நான் அந்த மில்லில வேலை செஞ்ச எண்டு ஒரு கடிதம் எழுதித் தாங்க. உங்கட சீலும் வெச்சு.”

“காக்கா, நான் எழுதி என்ன பிரயோசனம்? முதலாளியல்லவா எழுதித் தர வேணும்.”

“ஹாஜியாரிட்டக் கேக்க வெக்கமா இருக்கு சேர். ஒரு நாளும் கூலியப் பிந்தித் தந்ததில்ல. அஞ்சு மணியெண்டா கையில வெச்சிருவார்.”

அவர் சொன்னது உண்மை. அந்த ஹாஜியாரை எனக்கும் தெரியும். ஸக்காத் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். நோன்பு காலத்தில் தொழிலாளர் வீடுகளுக்குச் சாமான் அனுப்புபவர். வியர்வை உலர முன் கூலியைக் கொடுக்கும்படியான நபிகளாரின் (ஸல்) கட்டளையை அவர் மீறவில்லை. மோசடிக்காரன் ஒருவனைப் பற்றி எழுதுவது இலகு. இப்படியொரு நல்ல மனிதர் பத்தொன்பது வருடமாகத் தவறு செய்திருக்கிறாரா என்பதுதான் என்னை உறுத்தும் கேள்வி.

1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்து, முதலாளி தன் பங்காக 12 வீதத்தைச் சேர்த்துச் சேமலாப நிதிக்கு அனுப்ப வேண்டும். 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னொரு 3 வீதம், அதுவும் முதலாளியுடையதே. மாதம் 40,000 ரூபா உழைப்பவனுக்குக் கழிவது 3,200. வெளியிலிருந்து வந்து சேருவது 6,000. ஆனால் நம் ஆலைகளிலும் கடைகளிலும் தொழிலாளிக்குச் சொல்லப்படுவது முதல் எண் மட்டும். “பேர் பதிஞ்சா சம்பளத்தில வெட்டுவான். வரியும் பிடிப்பான்.” அதைக் கேட்டவன் பயந்து, “எனக்கு வேணாம் முதலாளி, கையிலயே தாங்க” என்கிறான். பிறகு, அவனே விரும்பிக் கேட்டான் என்று ஆகிவிடுகிறது. பாதிக் கணக்கைக் காட்டிப் பெற்ற சம்மதம் எப்படிச் சம்மதமாகும்?

வரி என்ற பயத்தையும் பார்ப்போம். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரையான சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. 2023 இல் எல்லை ஒரு இலட்சமாக இருந்தபோதும் மூட்டை சுமப்பவனுக்கு அது எட்டாத தூரம். அந்த வருடம் வரிச்சுமைக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள் வைத்தியர்களும் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும். பெயர் பதிந்தால் இந்தக் காக்காவிடமிருந்து இறைவரித் திணைக்களம் ஒரு சதமும் எடுத்திராது. எடுக்கும் வரியை எப்படியும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். சவர்க்காரத்திலும் தொலைபேசி ரீலோட்டிலும் அவர் கட்டுகிறார். பெயரில்லாமல் கட்டுகிறார், அவ்வளவுதான்.

அப்படியானால் பயம் யாருடையது? பொதுவாகச் சொல்கிறேன், அந்த ஹாஜியாரை மட்டும் அல்ல. கூலியைக் கணக்கில் காட்டினால் முதலாளியின் இலாபம் குறைந்து அவருடைய வரியும் குறையும். அப்படியிருந்தும் காட்டாமல் விடுகிறார் என்றால், பல இடங்களில் மறைக்க வேண்டியிருப்பது கூலியை அல்ல, எத்தனை மூட்டை வெளியே போனது என்பதை. விற்பனையை மறைக்க ஆளையும் மறைக்க வேண்டியிருக்கிறது.

மௌலவி நண்பர் ஒருவரிடம் இதைப் பேசினேன். பகறா அத்தியாயத்தின் 282 ஆம் வசனத்தை அவரே எடுத்தார். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம்; கடனை எழுதிவைப்பது பற்றியது. “அதே வசனத்தில் உடனுக்குடன் கைமாறும் வியாபாரத்துக்கு விலக்கும் இருக்கிறதே” என்றார். “அன்றாடக் கூலி கைக்குக் கை. எழுதாவிட்டால் குற்றமில்லை.”

இரண்டு நாள் இதற்குப் பதில் தெரியாமல் இருந்தேன். பிறகுதான் பட்டது: ஐந்து மணிக்குக் கையில் வைத்த கூலி கைமாறியது, சரி. அந்த 12 வீதம் கைமாறவில்லையே! பின்னால் கொடுபட வேண்டியதாக அது முதலாளியிடம் நின்றுவிட்டது. பிற்போடப்பட்ட கொடுப்பனவுக்குக் கடன் என்றல்லாமல் வேறென்ன பெயர்? இன்னொன்றையும் கவனித்தேன். அந்த வசனத்தில் எழுத்தாளனுக்கு வாசகம் சொல்ல வேண்டியவன் கடன் கொடுத்தவன் அல்ல, கடன்பட்டவன். எழுதுவிக்கும் பொறுப்பு கொடுக்க வேண்டியவன் தலையில் இருக்கிறது. வெட்கத்தோடு என் வீட்டு வாசலுக்குக் கடிதம் கேட்டு வந்திருக்க வேண்டியவர் காக்கா அல்ல.

சேமலாப நிதியில் வட்டி இருக்கிறது, ஆகவே ஒதுங்கினேன் என்று சொல்லும் முதலாளிகளும் நம்மிடையே உண்டு. அந்த நிதியின் பெரும்பகுதி அரச முறிகளில் இடப்பட்டிருப்பது உண்மை. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது முறிகளை மாற்றிக்கொள்ளாத நிதிகளுக்கு 14 வீத வரி 30 வீதமாகும் என்று நெருக்கியதும் உண்மை. அதைக் குறையில்லாத பெட்டகம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 8 உம் 12 உம் வட்டியல்ல. வட்டியை என்ன செய்வது என்பது அதைப் பெறுபவன் தீர்மானிக்க வேண்டிய விடயம். இங்கே முதலாளியின் பேணுதலுக்கான செலவு தொழிலாளியின் பங்கிலிருந்து போகிறது.

குகையில் அடைபட்ட மூவரின் ஹதீஸை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். மூன்றாமவன் தன்னிடம் வேலை செய்து கூலியைப் பெறாமல் போனவனின் பங்கைப் பயிரிட்டுப் பெருக்கினான். ஓர் அறிவிப்பில் அந்தக் கூலி அரிசி. பல காலம் கழித்து வந்தவனிடம் மாடுகளைக் காட்டி, எல்லாம் உன்னுடையது என்றான். வந்தவன் கேலி என்று நினைத்தான். அந்த முதலாளியைக் கேட்க ஆளில்லை, காட்ட எழுத்தில்லை. ஆனாலும் கணக்கு வைத்திருந்தான்.

எழுத்தின் பெறுமதியை 1990 ஒக்டோபர் நமக்குக் காட்டியது. முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டபோது ஆசிரியராக இருந்த என் பெரியவாப்பாவுக்குப் புத்தளத்தில் மீண்டும் சம்பளம் வந்தது; அவருடைய கோவை எங்கோ ஒரு கந்தோரில் இருந்தது. கடையில் நின்ற சாச்சாவுக்குக் கோவை இல்லை. இருபது வருட வேலை அவருடைய வாயில் மட்டும் இருந்தது.

இவ்வளவும் எழுதும் நான் எங்கள் பள்ளிவாசலின் தனாதிகாரி. எட்டு வருடமாகக் கணக்குப் புத்தகம் என்னிடம். மோதினாரின் சம்பளத்தை ‘இதர செலவு’ என்ற தலைப்பில், பாய், குழாய் திருத்தம், மின்குமிழ் ஆகியவற்றோடு எழுதி வந்திருக்கிறேன். எனக்கு முன் இருந்தவர் அப்படி எழுதினார், நானும் எழுதினேன். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் மத நிறுவனங்களுக்குச் சேமலாப நிதிச் சட்டம் விலக்களிக்கிறது. ஆகவே சட்டப்படி நமக்குக் கடன் இல்லை. ஆனால் போன வருடம் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்துக் காசு சேர்த்தோம். பதினான்கு வருடம் பாங்கு சொன்னவருக்கு உரிமையாக வர வேண்டியது ஸதக்காவாகப் போனது. ஹாஜியாரின் நோன்புகாலச் சாமானுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சென்ற கூட்டத்தில் மோதினார் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, மாதாமாதம் சம்பளத்தின் 12 வீதத்தை அதில் இடுவோம் என்று பிரேரித்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. கலையும்போது வயதான அங்கத்தவர் ஒருவர், “பின்னுக்குப் போன பதினாலு வருஷத்துக்கு என்ன செய்யிற?” என்று கேட்டார். யாரும் பேசவில்லை. அடுத்த கூட்டத்துக்கு என்று எழுதிக்கொண்டேன்.

காக்காவோடு ஹாஜியாரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறேன். இன்னும் போகவில்லை. ஹாஜியாரும் எங்கள் நிர்வாக சபையில் ஓர் அங்கத்தவர்தான்.