எலி மருந்தும் ஒரு பொய்யும்

தினமும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் கொஞ்சம் எலி மருந்து சாப்பிடுகிறேன். பயப்படாதீர்கள், வைத்தியர் சொல்லித்தான். வார்ஃபரின் என்ற இந்தச் சரக்கு 1948-ல் எலிகளைக் கொல்லத்தான் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதருக்கும் கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதித்தார்கள். மறு வருஷம் மாரடைப்புக் கண்ட ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். எலிக்கு நஞ்சானது ஜனாதிபதிக்கு மருந்தானது அளவினால்தான்.

ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை என்கிறோம். உண்மையில் ரத்தம் நீர்ப்பதில்லை. அது உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும், மாத்திரை அதன் வேலையைத் தடுக்கிறது, உறைய நேரமாகிறது. முருங்கைக்கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். ஒரு வாரம் கீரையே இல்லாமல், மறு வாரம் சட்டி நிறையச் சாப்பிட்டால் மருந்தின் கணக்குக் கெட்டுவிடும். ஆகவே என் மனைவி கரண்டியால் அளந்துதான் போடுகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் இத்தனை கண்டிப்பாக இருந்ததில்லை.

மாதம் ஒரு முறை ஆம்பூரில் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூருக்குப் போகிறேன். 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியசாலை தொடங்கிய ஊர் அது. இன்று அங்கே ரத்தம் கொடுக்க நீண்ட வரிசை. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 1 என்று வருகிற எண், எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும். மிஞ்சினால் சின்னக் காயம்கூட நிற்காமல் கசியும்.

அந்த வரிசையில்தான் அவரைப் பார்த்தேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கத்தியால் தோல் வெட்டுகிறவர். இதயத்தில் செயற்கை வால்வு வைத்திருக்கிறார்கள். ஆயுள் முழுவதும் மாத்திரை. என்னைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது.

"மேஸ்திரிகிட்ட சொல்லிடாதீங்க சார். தெரிஞ்சா கத்தியை வாங்கிடுவாங்க. அப்புறம் கூட்டுற வேலைதான். அதுவும் கிடைச்சாத்தான்."

அவருடைய மேஸ்திரி என் தெருக்காரர். ஒரு நாள் டீக்கடையில் அவரே கேட்டார்: "அந்த ஆளை வேலூரிலே பார்த்தீங்களாமே, உடம்புக்கு என்ன?"

"உறவுக்காரரைப் பார்க்க வந்திருந்தார்" என்றேன். வாய் கூசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கூசிற்று.

அவருடைய கத்தி பிறரை வெட்டப் போவதில்லை. அவருடைய ஆபத்து அவருடையது. இதில் நான் யார்? இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. தவிர, கத்தி பட்டு அவர் மயங்கிக் கிடந்தால், பக்கத்தில் நிற்பவனுக்கு அந்த மாத்திரையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா? மறைத்தது கூலியைக் காப்பாற்றியது, உயிரைக் காப்பாற்றியதா?

நஞ்சுக்கு ஓர் அளவு இருப்பதுபோல் பொய்க்கும் ஓர் அளவு உண்டு என்று வாதாடிப் பார்த்தேன். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மாத்திரையின் அளவைச் சொல்ல மாதாமாதம் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிறார்கள். என் பொய்யை யார் பரிசோதித்தார்கள்? பேனா பிடித்துச் சோறு தின்கிறவன் நான். பென்சில் சீவும்போது பிளேடு பட்டால் அன்று எழுதாமல் இருந்துவிடலாம். தோல் வெட்டுகிறவருக்கு அந்த விடுமுறை இல்லை.

அடுத்த முறை அவரைச் சந்தித்தபோது, மேஸ்திரியிடம் வேண்டாம், பக்கத்தில் வேலை செய்யும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள் என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மாத்திரைச் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் வேலூர் வரிசையில் நின்றால், என் எண் என்ன என்று கேட்பதற்கு முன்னால் அவர் விரல்களைத்தான் பார்க்கிறேன்.